எல்லாக் கலப்பைக்கும் சேரும் வண்டி

விடிந்ததும் கதவைத் திறந்தால் வாசலில் ஐயாதுரை அண்ணன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பால்பாண்டி. அவனுக்கும் பின்னால் பாதித் தெரு நிற்கிறது.

எல்லோர் வீட்டிலும் ஒரு டிராக்டர் கலப்பை சும்மா கிடக்கிறது. இழுக்கத்தான் நாதியில்லை. ஐயாதுரை அண்ணன் டிராக்டரை விற்றுவிட்டார், கலப்பையை வாங்க ஆள் வரவில்லை. பால்பாண்டிக்குப் பாகப்பிரிவினையில் கலப்பை வந்தது, டிராக்டர் தம்பிக்குப் போய்விட்டது.

எங்களிடம் டிராக்டர் உண்டு. கலப்பை இல்லை.

எல்லாம் எங்கள் வீட்டுக்காரரின் மூளை. என் அப்பா சீராகக் கொடுத்த காளைகள் இரண்டையும் மேலத்தெரு சங்கிலிப்பாண்டிக்கு விற்றுவிட்டு, வத்திராயிருப்பில் ஒரு கிழட்டு டிராக்டரை வாங்கி வந்தார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. கலப்பை எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். ஊரில் இத்தனை கலப்பை கிடக்கும்போது எந்தக் கிறுக்கன் புதிதாக வாங்குவான் என்றார்.

அது ரொம்பப் பழைய வண்டி. ஒருவர் கலப்பையும் அதற்குச் சேரவில்லை. ஒரு கலப்பையில் வண்டியோடு மாட்டுகிற 'பின்' என்னும் இரும்பு முளை பெரிது, இன்னொன்றுக்கு அகலம் பத்தாது.

மனிதர் விடுவாரா? எங்கள் ஊர் சோழபுரத்தில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கலப்பையின் பின்னையும் நூல் பிடித்து அளந்தார். ராஜபாளையம் பட்டறையில், வண்டிக்குப் பின்னால் கலப்பை மாட்டும் இரண்டு இரும்புக் கைகளின் நுனியையும் அறுத்து, பெரிய ஓட்டையாக வைத்து வெல்டிங் போட்டார். சின்னப் பின்னாக இருந்தால் ஓட்டைக்குள் செருக ஒரு டப்பா நிறைய 'புஷ்' என்கிற இரும்பு வளையங்கள். கைகளை விரிக்கலாம், ஒடுக்கலாம்.

"இனி எவன் கலப்பையும் நம்ம வண்டிக்குச் சேரும்டி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

ஊருக்குக் கேட்டுவிட்டது.

இன்றைக்குத்தான் மழை விட்டு, கரிசல் மண் உழவுக்குப் பதமாக வந்திருக்கிறது. வெயில் ஏறினால் இறுகிவிடும். பிறகு இந்த வருடம் பருத்தி விதைத்த மாதிரிதான்.

கலப்பையைக் கொடுப்பவன் காட்டில்தான் முதல் உழவு. அது எங்கள் பக்கத்து முறை. இவரோ அளக்கப் போன வீட்டிலெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, எல்லோருக்கும் முதல் உழவு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்!

என் முகத்தைப் பார்க்காமலே வண்டியில் ஏறி உட்கார்ந்து ஐயாதுரை அண்ணன் காட்டுக்குப் போனார். பாதித் தெருவும் பின்னாலேயே போனது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினேன். காலில் விழுந்தாவது என் காளைகளை ஒருநாள் உழவுக்குக் கேட்டுவிட வேண்டும்.

சங்கிலிப்பாண்டியின் தொழுவில் காளைகள் இல்லை. அவை நின்ற இடத்தில், பெயிண்ட் வாடை போகாத ஒரு கலப்பை கிடந்தது.

"மாட்ட வித்துட்டுத்தான் மதினி இத எடுத்தேன். 'எல்லாத்துக்கும் சேருற வண்டி நம்ம ஊர்லயே இருக்கும்போது மாட்டக் கட்டிட்டு ஏம்லே சீரழியுத'ன்னு அண்ணாச்சிதான் சொன்னாவ. அவியளே வந்து அளந்துட்டு, மொத உழவு எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாவ."



அவன் சிரித்தான். "உங்களுக்கென்ன, சொந்த வண்டி. உங்க காட்டுல உழவு முடிஞ்சிருக்குமே, மதினி?"