வாய்க்கால் கேஸ்

மைக்கைப் பிடித்த பின் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

இருபத்தெட்டு வருஷமாகக் கோர்ட்டில் வாயை வைத்துப் பிழைப்பவள். கையில் எழுதிய தாள் வேறு இருந்தது. பொன்னுரங்கம் பிறந்த ஆண்டு. வக்கீலாகப் பதிந்த ஆண்டு. நகராட்சித் தலைவராக இருந்த பத்து வருஷம். அவர் காலத்தில் வந்த குடிநீர்த் தொட்டி, வெட்டிய வெள்ள வாய்க்கால்.

அதைப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

கெடுத்தது வக்கீல் சங்கச் செயலாளர்தான். அவளுக்கு முன் பேசியவர்.

"ஆயுசு பூரா ஊருக்காக நின்னவரு. கடைசி கேஸ்ல மட்டும் சொந்தக்காரனுக்காக ஊரை எதிர்த்து நின்னாரு. அதுலயும் நம்ம ஊருதான் ஜெயிச்சுது."

கறுப்புக் கோட்டுகள் சிரித்தன. இரங்கல் கூட்டத்தில் எவ்வளவு சிரிக்கலாமோ அவ்வளவு.

முன் வரிசையில் இருந்த செங்கமலத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னுரங்கத்தின் மனைவி.

ஒரு வருஷமாக ஊர் முணுமுணுத்த விஷயம்தான். இப்போது அவர் படத்துக்குப் பக்கத்திலேயே மைக்கில் வந்துவிட்டது.

படத்தை இன்னும் திறக்கவில்லை. மேலே வெள்ளைத் துணி தொங்கியது.

அந்தக் கேஸில் நகராட்சிக்கு வக்கீல் அவள்.

வழக்குப் போட்டவன் கோதண்டம். செங்கமலத்தம்மாளின் அண்ணன் மகன். வாய்க்கால் ஓடும் இடம் தன் பட்டாவில் வருகிறது, மூடிவிட்டு மண்டபம் கட்டப்போகிறேன் என்றான். அத்தை வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கெஞ்சினான். அத்தையும் சேர்ந்து சொன்னார். பொன்னுரங்கம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

இறுதி வாதம் ஒரு பிற்பகலில் வந்தது. கோதண்டம் வெளியூர் போயிருந்தான். பெஞ்ச் கிளார்க் வேறு ஏதோ கேஸ் கட்டுக்குள் முங்கிக் கிடந்தார்.

பொன்னுரங்கம் எழுந்தார். கழுத்துப் பட்டையைச் சரி செய்தார்.

வாய்க்காலை மூடினால் கீழே இருக்கும் இருநூறு வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று ஆரம்பித்தார்.

ஏதோ உத்தி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை.

உத்தி இல்லை.

தாளைப் பார்க்காமல் சர்வே எண்களைச் சொன்னார். வாய்க்கால் வருவதற்கு முன்னால் எந்த மழையில் எந்தத் தெரு மூழ்கியது, யார் வீட்டுச் சுவர் விழுந்தது, அதில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றும் பிசகவில்லை.

யாருக்காக வந்திருக்கிறோம் என்பது மட்டும் மறந்து போயிருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார்.

அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேஸ் கைக்கு வந்துவிடும். அவர் மானம் கப்பலேறிவிடும்.

அவள் முறை வந்தது. எழுந்தாள்.

கோதண்டத்துக்காகப் பேசினாள்.

பட்டா, கிரயப் பத்திரம், அனுபவ பாத்தியம், எதையும் விடவில்லை. ஒப்புக்குப் பேசியிருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவனுக்காகப் பேச வேண்டிய அத்தனையும் பேசினாள். தன் கட்சிக்காரருக்கு எதிராக ஒரு வக்கீல் செய்யவே கூடாத காரியம். தெரிந்துதான் செய்தாள்.

வெளியே படியிறங்கும்போது பொன்னுரங்கம் அவளுக்காக நின்றார். எப்போதும் போலக் கிண்டலாகச் சிரித்தார்.

"நல்லாத்தான் பேசினீங்க. ஆனா இது உங்களுக்குத் தேறாத கேஸும்மா."

தீர்ப்பு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நினைத்துக்கொண்ட போதெல்லாம் இருநூறு வீடும் கண்ணுக்குள் வந்து நின்றன.

நீதிபதி இடம் மாற்றி, அவர் பேசியதை நகராட்சிக்குக் கீழேயும் அவள் பேசியதைக் கோதண்டத்துக்குக் கீழேயும் எழுதியிருந்தார். வாய்க்கால் பிழைத்தது. நீதிபதி மாற்றலாகிப் போனார். தீர்ப்பின் நகலில் பொன்னுரங்கம் தோற்றிருந்தார்.

மைக் கரகரத்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நடந்ததை முழுதாகச் சொன்னால், ஞாபகம் தப்பியவர் என்று ஊர் உச்சுக் கொட்டும். சொல்லாவிட்டால், ஊருக்கு எதிராக நின்றவர் என்று அந்தப் படம் காலத்துக்கும் இந்தச் சுவரில் தொங்கும்.

அவள் தாளை மடித்தாள்.

"அந்தக் கேஸ்ல வாய்க்காலுக்காகப் பேசினது அவரு. வாய்க்காலுக்கு எதிராப் பேசினது நான்."

ஏன் என்று சொல்லவில்லை.

இரண்டாம் வரிசையில் நகராட்சி ஆணையர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நகராட்சி வக்கீல் என்ற பெயர் போகும். விசாரணை வரைக்கும்கூட இழுக்கலாம்.

இழுக்கட்டும்.

இறங்கி வந்து செங்கமலத்தம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துணியை விலக்கினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். செங்கமலத்தம்மாள் மட்டும் எழவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, வாய்க்காலைக் காப்பாத்திட்டேன் செங்கமலம்னு சொன்னாரு. அவ்ளோ சந்தோஷமாச் சொன்னாரு."

இப்போதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, மாத்திரையைப் போட்டுக்குங்கன்னேன்."