காலண்டருக்குப் பின்னால் ஒரு விரிசல்

“அந்தக் காலண்டரைக் கழட்டிடவா சார்? பின்னாடி பெரிய விரிசல் ஒண்ணு இருக்கு.”

கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் கழற்றியும் விட்டாள்.

மதிப்பீட்டாளர் அளவு நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வங்கிக்காக வீடுகளை அளந்து விலை மதிப்பது அவர் பிழைப்பு. விரிசல்மேல் காலண்டர் மாட்டுகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

வாங்கப்போகிற இளம் தம்பதி வாசலில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். அளக்கும்போது அவர்களை அவர் உள்ளே விடுவதில்லை. பேசிய விலைக்குக் கொஞ்சம் கீழே அவர் எழுதினாலும் அவர்கள் கேட்ட கடன் கிடைக்காது. கடன் இல்லையென்றால் வீடும் இல்லை.

காலண்டரைக் கழற்றியவளோ நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரை அறை அறையாக இழுத்துப் போனாள்.

சமையலறை ஜன்னல் மழைக்கு உப்பிக்கொண்டு சாத்த வராது என்றாள். குளியலறைத் தாழ்ப்பாள் பேருக்குத்தான், உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்றாள்.

கதவைத் திறந்துவிட்டவள் அவள். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று பார்க்காமலே தட்டுகிறவள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் இப்படியொரு வீட்டுக்காரியா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் மரியாதையும்.

கடைசி அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில். மேசையை ஒட்டிய சுவர் தோள் உயரத்துக்கு நனைந்து கிடந்தது. மேலேயிருந்து ஒழுகுகிறது என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

கூரை காய்ந்திருந்தது. சுவரின் மேல்பாதியும் காய்ந்திருந்தது. உப்புப் பூக்கவில்லை, பூஞ்சை இல்லை. விரலை வைத்ததும் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மேசைமேல் இருந்திருக்க வேண்டிய பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் கட்டிலில், நனையாமல், ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

சொந்தச் சுவரில் யாராவது தண்ணீரை வாரி இறைப்பார்களா?

அவர் திரும்பினார். அவர் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிட்டாள்.

நாடாவின் முனை அவள் கையிலிருந்து நழுவியது. சர்ரென்று ஓடிவந்து அவர் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நாங்க வாடகைக்கு இருக்கறவங்க சார். வித்த உடனே காலி பண்ணணுமாம், புள்ளைக்குப் பரீட்சை நடந்துட்டு இருக்கு. இந்த ஈரத்தையும் எழுதிக்குங்களேன்.”