செவலை பிடித்த நரி

பட்டியில் புகுந்த நரி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஆடுகள் காவலுக்கு நாய் தேடின. முதலில் வந்தது செவலை என்ற நாய். குட்டியைப் பறிகொடுத்த வெள்ளாடுதான் கேள்வி கேட்டது. பக்கத்தில் கிடா அசைபோட்டபடி நின்றது.

"இதுவரைக்கும் செஞ்சதுல நீ ரொம்பப் பெருமையா நினைக்கிறது எது தம்பி?"

செவலை இந்தக் கேள்விக்குத் தயாராகவே வந்திருந்தது. "முன்னாடி காவல் இருந்த இடத்துல ஒரு நரியைப் பிடிச்சேன்க்கா. கோழிக்கூட்டை நெருங்குறதுக்குள்ள காலைக் கவ்விட்டேன். ஊரே வந்து பார்த்துச்சு."

"நரி வர்றது எப்படித் தெரிஞ்சுது? மோப்பமா?"

"மோப்பம்னு சொல்ல முடியாது."

"அப்ப சத்தம் கேட்டுச்சா?"

"அதுவும் இல்லை."

"பின்னே?"

செவலை தரையைப் பார்த்தது. "என் வாலை மிதிச்சிடுச்சுக்கா."

"அதுவரைக்கும் நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?"

"தூங்கிக்கிட்டிருந்தேன்."

கிடா கனைத்துச் சிரித்தது. அடுத்த நாயை வரச் சொல்லலாமா என்று கேட்டது. வெள்ளாடு சிரிக்கவில்லை.

"மிதிச்சதும் கத்தினியா, கடிச்சியா?"

"கடிச்சதுக்கு அப்புறம்தான் கண்ணையே திறந்தேன்."

வெள்ளாடு சற்று யோசித்தது. வெளியே காத்திருந்த மற்ற நாய்களைப் போகச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் செவலை வேலையில் சேர்ந்தது. அது படுக்க வேண்டிய இடத்தை வெள்ளாடே கூட்டிப்போய்க் காட்டியது. பட்டிக்கு இருந்த ஒரே வாசல் அது.

"குறுக்கே படுத்துக்கோ தம்பி," என்றது வெள்ளாடு. "வாலை மட்டும் நல்லா நீட்டி வை."