கீழறைப் பெட்டியில் ஒரு பெயர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது கொஞ்சம் நடுக்கமான கதை.

சவ அடக்க நிலையத்தின் கூடத்தில், புது விண்டோஸ் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான் வெண்டல். வடக்கு டகோட்டாவின் பனிக்காற்று சன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் டாக்டரிடம் காட்டியிருந்தான்; ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சில் ஏதோ குத்துவது போலிருந்தது அவனுக்கு.

"கீழறையில லினக்ஸ், இங்க விண்டோஸ். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசவே மாட்டேங்குது, மேவிஸ்."

நிலையத்தை நடத்துகிற மேவிஸ் காப்பியை நீட்டினாள். "ஒரே வீட்டு மனுஷங்களே பேசிக்கிறதில்ல, பெட்டிங்களக் குத்தம் சொல்றியா ஜூனியர்? வீட்டுப் பக்கம் போனியா?"

"ஆரம்பிச்சிட்டீங்களா? வயர் வேலைக்குக் கூப்பிட்டீங்களா, என் வாயைக் கிளறக் கூப்பிட்டீங்களா?"

எப்போதும் சிரித்துவிடுகிற மேவிஸ் இன்று சிரிக்கவில்லை.

இறந்தவர்களின் படங்கள் கீழறை லினக்ஸ் பெட்டியில் இருந்தன, ஆளுக்கொரு ஃபோல்டராக. அடக்கத்தன்று அவை கூடத்துத் திரையில் ஓடவேண்டும். அதற்குத்தான் அவனை ஃபார்கோ நகரத்திலிருந்து வரவழைத்திருந்தாள்.

இரண்டு கணினிக்கும் பொதுவான வழியைத் தேடிப் பிடித்து, கடவுச்சொல்லைத் தட்டினான். கீழறைப் பெட்டி அவன் திரையில் ஒரு டிரைவாக வந்து நின்றது. இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இறங்கின.

கடைசியில், வெண்டல் ஹாகன். அவன் பெயர்.

திறந்தான். ஏரிக்கரையில் மீனைத் தூக்கிப் பிடித்த பொடியன், அவன்தான். முன்பல் விழுந்த பள்ளிக்கூடப் படம், அவன்தான். பட்டமளிப்பு அங்கியில், கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ நின்று யாரோ எடுத்த படம். அதை அவன் பார்த்ததே இல்லை.

"என் லேப்டாப்தான் இதுல தெரியுது. வேற ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் திறந்து வைத்திருந்த தன் லேப்டாப்பை அணைத்தான். டிரைவை மூடி மறுபடியும் திறந்தான்.

பெயர் அங்கேயே இருந்தது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "மேவிஸ், உயிரோட இருக்கிறவன இதுல யாரு போட்டது? டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? எனக்கு என்ன? மறைக்காமச் சொல்லுங்க!"

மேவிஸ் உள்ளறைக் கதவைத் திறந்தாள். மலர்களுக்கு நடுவே ஒரு சவப்பெட்டி இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லப்பா. அது உன் பேரே உள்ள பெரிய வெண்டலோட ஃபோல்டர். போன மாசம் அவரே வந்து, தன் அடக்கத்துக்கு உன் படங்களையே பொறுக்கிக் குடுத்தாரு."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"'நான் செத்துட்டேன்னு சொன்னா வரமாட்டான். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லு, ஓடி வருவான்'னு சொல்லிட்டுப் போனாரு, உங்கப்பா."

உங்கள் வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு ஒரு தட்டும் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா.