மாசம் ஒரு ஊசி

"அந்தக் கம்பவுண்டரைப் பிடிச்சு உள்ளே தள்ளணும்!"

எகிப்தின் தமன்ஹூர் ஊரில், ஆஸ்பத்திரி வார்டு என்றும் பாராமல் டாக்டர் ஷாஹினாஸ் கத்தினாள். கிருமிப் பரிசோதனை அவள் வேலை.

கட்டிலில் வடைக்காரி இன்ஷிராஹ். சிறுநீரகத்தில் சீழ், உடம்பு அனல். வாய் மட்டும் ஓயவில்லை.

"பஹ்ஜத்தையா? தங்கமான மனுஷன் டாக்டரம்மா! தும்மினா ஜென்டமைசின் ஊசி. இடுப்பு பிடிச்சா ஜென்டமைசின். மருமகளோட சண்டை போட்டுத் தலைவலி வந்தப்பகூட ஒண்ணு போட்டார். ஆறு வருஷமா மாசம் தவறினதில்லே."

ஷாஹினாஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிருமியைக் கொல்ற மருந்தை இப்படிக் குத்திக் குத்தி, உன் உடம்புக் கிருமிக்கெல்லாம் பழகிப்போய் இப்ப அது பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்கும்!"

"சாகாதா?"

"எப்படிச் சாகும்? மருந்து உள்ளே வந்ததும் கிருமி அதோட தலையில ஒரு தொப்பியை மாட்டிவிட்டுடும். அப்புறம் மருந்து ஒட்ட வேண்டிய இடத்துல ஒட்டாது. அதோட விடுமா? தொப்பி தைக்கிற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் சொல்லிக் கொடுத்துடும்."

"அடியம்மா, என் மருமகளை மிஞ்சிடும் போலிருக்கே!"

இரண்டு நாளில் பரிசோதனைத் தட்டு தயாரானது. வடைக்காரியின் கிருமிகள் தட்டு முழுக்கப் பாசி மாதிரி படர்ந்திருந்தன. நடுவில் வைத்த ஜென்டமைசின் மருந்து வில்லையைச் சுற்றி மட்டும் மொட்டைத்தலை போல வழவழவென்று இருந்தது. அங்கே ஒரு கிருமிகூடப் பிழைக்கவில்லை.

ஷாஹினாஸ் நம்பவில்லை. திரும்பவும் சோதித்தாள். அதே மொட்டை.

அந்த மருந்தையே ஏற்றினார்கள். நாலாம் நாள் இன்ஷிராஹ் எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஷாஹினாஸ் நேரே பஹ்ஜத்தின் மருந்துக் கடைக்குப் போனாள். இடுப்பைப் பிடித்தபடி ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். அவரைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. அந்தம்மாவுக்கு ஆறு வருஷமா என்ன போட்டீங்க?"

பஹ்ஜத் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. வெறும் தண்ணி. ஊசிக்குன்னே காய்ச்சி வடிச்சது. சுளீர்னு வலிக்கும். வலிச்சாத்தான் மருந்துன்னு நம்புவாங்க."

"எல்லாருக்கும் இதேதானா?"

"சளிக்கும் சண்டைக்கும் வர்றவங்களுக்கு இதுதான். நிஜ நோயாளின்னா உங்ககிட்டே துரத்திடுவேன். ஊசியே கிடையாதுன்னா அடுத்த தெருவுக்குப் போவாங்க. அங்கே நிஜ மருந்தைக் குத்திடுவானே!"

ஷாஹினாஸுக்கு முகம் சிவந்தது. உள்ளே தள்ளச் சொன்ன வாயாலேயே தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க. அந்த மருந்தை ஒருத்தருக்குக்கூட நீங்க வீணாக்கலே."

பஹ்ஜத் பிடரியைச் சொறிந்தார்.

"ஒருத்தருக்கு மட்டும் போட வேண்டியிருக்கு. மூக்கு ஒழுகினாலே ஓடி வந்துடுவார். தண்ணியைக் காட்டி அவரை ஏமாத்த முடியாது. மருந்தை அவரே கையோட கொண்டு வந்து, என் கண் முன்னாலேயே உடைச்சுக் கொடுப்பார். ரெண்டு ஊசியோட நிறுத்திடுவார், அடுத்த மாசம் திரும்ப வருவார்."

"யாருங்க அந்தக் கழுதை?"

"உங்க வீட்டுக்காரர்தான், டாக்டரம்மா."