ஆறு பேர் மனு

"அஞ்சும் உன் பிள்ளைதானா?"

"ஆமா சார். பின்ன யாரோடது?"

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரே கன்னியம்மா நின்றாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு.

அது 1965. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஜனங்களில் கொஞ்சம் பேரை ஆவடிக்கு அந்தப் பக்கம், யுத்த காலத்துத் தகரக் கொட்டகைகளில் தங்க வைத்திருந்தார்கள். யாரை அகதியாக ஏற்பது, யாரைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வந்தவர் உலகநாதன், திருநெல்வேலிக்காரர். வந்த மனு எத்தனை, ஏற்றது எத்தனை, தள்ளியது எத்தனை என்று மாதக் கடைசியில் டெல்லிக்குக் கணக்குப் போயாக வேண்டும். கணக்கு என்றால் மனிதருக்கு உயிர்! இன்று எல்லாம் முடிந்து, இந்த ஒரு மனுதான் பாக்கி.

"பர்மாவில கொடுத்த காகிதம் ஏதாவது இருக்கா?"

"அங்கியே புடுங்கிக்கினாங்க சார்."

அதை நம்பலாம். காகிதத்தோடு வந்து சேர்ந்தவர்கள் ரொம்பக் குறைவு.

"சரி, பெரியவன் எப்போ பிறந்தான்?"

"ஆடி மாசம் சார். எட்டு முடிஞ்சிருச்சு."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்கும் எட்டுதான். அதே வருசம், ஐப்பசி."

உலகநாதனுக்குப் பேனா நின்றுவிட்டது. "ஏம்மா, ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவிலே மூணே மாசம்தானே?"

கன்னியம்மா ஒரு நொடி விழித்தாள். "ரெட்டப் புள்ள சார்."

"ரெட்டைப் பிள்ளைன்னா ஒண்ணு ஆடியிலயும் இன்னொண்ணு ஐப்பசியிலயுமா பிறக்கும்?"

"இது கொஞ்சம் சோம்பேறி சார். மெதுவா வந்துச்சு."

பியூன் எத்திராஜ் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"விளையாடுறியா?" மேஜையைத் தட்டினார் உலகநாதன். "பொய்னு தெரிஞ்சா மனுவைத் தள்ளிருவேன். அநாதைப் பிள்ளைகளை ஜில்லாவுக்கு ஒருத்தராப் பிரிச்சு விடுதிக்கு அனுப்பணும்னு உத்தரவு. காலையில லாரி வருது, தெரியும்லா?"

தெரியும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அவர் பிள்ளைகள் பக்கம் குனிந்தார். "தம்பி, உங்க அப்பா பேர் என்ன?"

"ரத்தினம்."

"பாப்பா, உங்க அப்பா பேரு?"

"அந்தோணி."

முதுகுக்குப் பின்னால் இருந்த வாலு, கேட்காமலே தலையை நீட்டிச் சொன்னது. "எங்க வாப்பா பேரு காதரு!"

போச்சு! கன்னியம்மா நெற்றியில் அறைந்துகொண்டாள். எத்தனை தடவை சொல்லிக் கூட்டி வந்திருப்பாள், பாவம்.

"இப்போ என்ன சொல்றே?"

"இன்னாத்த சொல்றது சார்?" அவள் குரல் உடைந்தது. "பெத்தவங்களத் தொலச்சிட்டு நிக்கிற புள்ளைங்க சார். ஒரே தட்டுல துன்னுதுங்க, ஒண்ணோட ஒண்ணு கட்டிப்புடிச்சிக்கினு படுக்குதுங்க. ஆளுக்கொரு ஊருக்குப் பிச்சி அனுப்புனா செத்துப்பூடும் சார். ஒன் கால்ல வுழறேன், பிரிக்காத சார்."

உலகநாதன் கொஞ்சம் இறங்கி வந்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்கே தாயி. இதிலே உன் வயித்துல பிறந்தது எதுன்னு காட்டு. அதை உன்கூட விட்டுருதேன். மத்ததுக்கு நான் பொறுப்பில்லை."

ஐந்து பிள்ளைகளும் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தன. ஒன்றுகூடக் கண் இமைக்கவில்லை.

கன்னியம்மா ஐந்து தலையையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அத மட்டும் கேக்காத சார். ஒண்ணக் காட்டுனா, மத்த நாலு மூஞ்சியும் இன்னா ஆவும்? தள்றதுன்னா எல்லாத்தயும் தள்ளிடு."

உலகநாதனுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அடேயப்பா! வீடு வாசல் எல்லாம் விட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்திருக்கிறாள். அப்படி வந்தவள், ஊரார் பிள்ளைக்கு வலிக்குமென்று தன் பிள்ளை எதுவென்று காட்டக்கூட மாட்டேன் என்கிறாளே! எத்தனை மனு பார்த்திருக்கிறார், எத்தனை அழுகை கேட்டிருக்கிறார். இப்படி ஒரு மனுஷியை அவர் பார்த்ததே இல்லை. தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

நின்றபடியே எழுதினார். 'தாய் ஒன்று, பிள்ளைகள் ஐந்து. மனு ஏற்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"பிரிக்க மாட்டாங்களே சார்?"

"இனிமே யாராலும் பிரிக்க முடியாதும்மா."

பிள்ளைகள் ஹோவென்று கத்தின. கன்னியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்திராஜும் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி," என்றார் உலகநாதன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சொந்த ஊருக்குப் போக ஆறு பேருக்கும் சர்க்கார் செலவிலே ரயில் பாஸ் தரணும். எந்த ஊருக்குப் போடட்டும்? ராமநாதபுரமா, தஞ்சாவூரா?"

கன்னியம்மா எத்திராஜைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். முத்திரை குத்திய பிறகு பொய் எதற்கு என்று தோன்றியதோ என்னவோ, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"ரயிலு எதுக்கு சார்? அதோ, வேலிக்கு அந்தாண்ட கீது பாரு, அதான் என் ஊடு. நா பொறந்ததே அங்கதான், ரங்கூனு எந்தப் பக்கம் கீதுன்னுகூடத் தெரியாது. இதுங்க அழுவுற சத்தம் டெய்லி ஊட்டுக்குள்ள வந்து கேட்டுகினே கீது சார், சோறு எறங்கல... அதான் மனு குடுத்தேன்."