படியில் ஈரம்

நமீபியப் பாலைவனத்தில், ஜெர்மானியர்கள் வைரத்துக்காகக் கட்டி, வைரம் தீர்ந்ததும் விட்டுப்போன ஊர் அது. இரவில் வீட்டு வாசல்களில் ஏறும் மணலைக் காலையில் அள்ளி, பார்க்க வருகிறவர்களுக்கு வழிவிடுவது யோசஃபீனின் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து படிகளில் மட்டும் மணல் ஈரமாக இருந்தது.

"லாரியில வர்ற தண்ணி, படி கழுவவா?" என்றார் மேற்பார்வையாளர் எலியாஸ். "இன்னொரு தடவை பாத்தேன், வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"நான் குளிச்சே மூணு நாளாச்சு, மாமா. கல்லையா குளிப்பாட்டுவேன்?"

அவர் தொட்டிக் குழாயைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனார். மறுநாளும் படிகள் நனைந்திருந்தன.

அடுத்த நாள் விடியும்போதே இருவரும் வந்தார்கள். பதினொரு வீடுகளின் படியிலும் பாதிப் பாளம் ஐஸ் இருந்தது. அந்தக் காலத்தில் துரைமார் வீடுகளுக்குத் தினமும் அப்படித்தான் போடுவார்கள். ஊரில் இருந்த ஐஸ் தொழிற்சாலையின் கூரை விழுந்தே எழுபது வருஷமாகிறது.

எலியாஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "ஐஸேதான். சரி, உன் வேலை போகாது."

யோசஃபீன் மணலில் பதிந்திருந்த தள்ளுவண்டித் தடத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அது கடைசி வீட்டோடு நிற்காமல் அந்தக் காலத்துக் கூலியாட்களின் ஆளில்லாத கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"அங்க எந்தக் காலத்துலயும் ஐஸ் போட்டதில்லம்மா" என்று எலியாஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

தகரக் கதவுக்கு முன்னால் ஒரு முழுப் பாளம் இருந்தது. அதன் மூலை உடைத்து எடுக்கப்பட்டிருந்தது. கதவுக்கு உள்ளே பலர் சேர்ந்து ஐஸ் கடிக்கும் சத்தம் கேட்டது.